வெந்நீர் ஊரும் பீலித் தண்ணீரும்

தபாலட்டை
பெப்பு, ஜப்பான்
2024 பெப்ரவரி 12

அப்பாவுக்கு,

போனில் என்னோடு பேசமாட்டேன் என்றுதானே சொன்னீர்கள். நான் எழுதியதை வாசிக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால்தான் இந்த அட்டை.

படத்தில் இருப்பது புகை இல்லை, நீராவி. இந்த ஊரில் தெருவோரச் சாக்கடைக் கானிலிருந்தும் வருகிறது, கடை மூலையிலிருந்தும் வருகிறது. பூமிக்குள்ளேயே தண்ணீர் கொதிக்கிறது. முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது, இப்போதுதான் முதல் தடவையாக லீவு எடுத்து ஊர் பார்க்க வந்திருக்கிறேன். நேற்று மாவில் தோய்த்துப் பொரித்த கோழி சாப்பிட்டேன். ஒரு கூட்டம் பொம்பிளைகளோடு ஒட்டுத் துணி இல்லாமல் வெந்நீர் ஊற்றில் குளித்தேன். வெட்கத்தில் செத்துவிடவில்லை. உடம்பு பஞ்சு போல இருக்கிறது.

வேண்டாம் என்று நீங்கள் சொல்லியும் போன மகள்,
சுதர்ஷினி


தெமோதரை
2024 மார்ச் 6

சுதர்ஷினிக்கு,

அட்டை கிடைத்தது. எனக்குக் கிடைக்கும் முன் தோட்டம் முழுக்கக் கிடைத்துவிட்டது.

நம் லயத்து வரிசை வீடுகளுக்கு இலக்கம் கிடையாது, தபால் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடும்போது கிளாக்கர் ஜெயரூபன்தான் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பான் என்பது உனக்குத் தெரியாதா? இரண்டு வருடத்தில் மறந்துவிட்டதா? உறை போடாத அட்டையைக் கண்டால் அவன் சும்மா விடுவானா? "கங்காணி ஐயா, உங்க மக ஜப்பான்லேருந்து எழுதியிருக்கு, வாசிக்கவா?" என்று கேட்டான். வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் பாதி வாசித்துவிட்டான். ஒட்டுத் துணி என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தான். கொழுந்துக் கூடையோடு நின்ற பொம்பிளைகள் எல்லாரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பேசமாட்டேன் என்றவன் ஏன் எழுதுகிறான் என்று நினைக்காதே. இது பேச்சு இல்லை, கண்டனம். நான் இந்த மலையில் கங்காணியாக இருந்தவன். என் ஒரு அதட்டலுக்கு ஆள் நிரை பிடித்து நின்றது. நம் குடும்பத்தில் ஒருத்தரும் அடுத்தவன் வீட்டில் ஊழியம் பார்த்ததில்லை. உன் அம்மா குவைத்துக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோதுகூட நான் விடவில்லை. நீ பதுளையில் ஏ.எல். படித்தவள். டீச்சராக இருக்க வேண்டியவள். அவ்வளவு படித்துவிட்டு, யாரோ பெற்ற கிழவன் கிழவிகளைக் குளிப்பாட்டப் பிளேன் ஏறினாய். "மக என்னா வேலைங்க?" என்று கேட்கிறவர்களிடம் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வாயால் வேறு என்ன சொல்வது?

இனி எழுதினால் உறையில் போட்டு, ஓரத்தை நன்றாக ஒட்டி அனுப்பு.

அந்தக் கோழியை என்ன எண்ணெயில் பொரித்தார்கள்? ஆவி இரவும் பகலும் வருமா? அப்படியென்றால் விறகே வேண்டாமா? இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

மாரிசாமி


குமமோத்தோ
2024 மார்ச் 30

அப்பாவுக்கு,

உறையில் போட்டு, பசை தடவி, அதன் மேல் டேப்பும் ஒட்டியிருக்கிறேன். ஜெயரூபன் அண்ணன் இனி வெயிலில் தூக்கிப் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும்.

அது வாசமே இல்லாத ஏதோ தாவர எண்ணெய். எலுமிச்சை மாதிரி ஒரு பச்சைக் காயைப் பிழிந்து, சோயா சோஸில் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். நல்ல ருசிதான், ஆனால் என் நாக்கு நம் உறைப்பான கட்டச் சம்பலைத் தேடியது. ஆவி நிற்பதே இல்லை. விறகும் வேண்டாம், கேஸும் வேண்டாம். நரகத்து ஆவி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லால் கட்டிய தொட்டிக்குக் கீழேயிருந்து ஆவி வரும். மூங்கில் தட்டில் வத்தாளங்கிழங்கு, பூசணி, சோளம், முட்டை, இறால் எல்லாம் அடுக்கி உள்ளே இறக்கி மூடிவிட்டால் கொஞ்ச நேரத்தில் வெந்துவிடும். நம் சாமானையும் கொண்டுபோய் வேக வைக்கலாம்.

நான் எதைக் கொண்டுபோனேன் தெரியுமா? இடியப்ப உரல். அம்மா பதுளையில் வாங்கிக் கொடுத்து விட்டது. தங்கியிருந்த அறையிலேயே மாவைக் குழைத்து எடுத்துப் போய், அந்த மூங்கில் தட்டில் பிழிந்து ஆவிக்குள் இறக்கினேன். சுற்றி நின்ற ஜப்பான்காரர்கள் தங்கள் கிழங்கை மறந்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூடியைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று, இழை இழையாக இருந்தது. லேசாக உப்புக் கரித்தது, அந்த ஆவியிலேயே உப்பு இருக்கிறதாம். தேங்காய் கிடைக்கவில்லை, மிளகாய்த் தூளையும் வெங்காயத்தையும் பிசைந்து சமாளித்தேன். ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து கேட்டே வாங்கிச் சாப்பிட்டது. எந்த ஊர்ச் சாப்பாடு என்று கேட்டார்கள். பதுளை என்றேன். அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? இருந்தாலும் முதலில் பதுளை என்றுதான் சொன்னேன், அதற்குப் பிறகுதான் இலங்கை.

இனி நீங்கள் கேட்காததையும் எழுதுகிறேன். முதல் நாள் நான், மலைத் தண்ணீர் விழுகிற நம் பீலிக்குக் குளிக்கப் போகிற மாதிரியேதான் போனேன், பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு. நம் பொம்பிளைகளுக்கு வேறு மாதிரிக் குளிக்கத் தெரியுமா? வாசலில் இருந்த ஜப்பான்கார அம்மா ஓடி வந்து பாவாடையைப் பிடித்துக்கொண்டார். துணியோடு இறங்கினால் ஊற்றுத் தண்ணீர் அழுக்காகிவிடுமாம். துணி இல்லாமல் இறங்கினால் எங்கள் ஊரில் மானம் போய்விடும் என்று நான் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கம் பாவாடையை இழுத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர்தான் ஜெயித்தார். உள்ளே போனால் யாரும் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அத்தனை வெட்கமும் வீண்.

ஊற்றில் இறங்கும் முன் சின்ன முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிக்கொள்ள வேண்டும். பக்கத்து முக்காலியில் வயசான ஒரு அம்மா, கை முதுகுக்கு எட்டாமல் கஷ்டப்பட்டார். நான் யோசிக்கவே இல்லை, என் கை தானாகப் போய்விட்டது. தோளில் தொடங்கி இடுப்பு வரைக்கும் எலும்பு நோகாமல் தேய்த்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, தொழில் தெரிந்த கை என்றார். பிறகு என்னைத் திருப்பி உட்கார வைத்து என் முதுகைத் தேய்த்துவிட்டார். அப்பா, வீட்டை விட்டு வந்த பிறகு என் முதுகை யாரும் தொட்டதில்லை. நான் அழுதுவிட்டேன். அந்த ஆவிக்குள் யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லாதீர்கள். நான் குளிப்பாட்டுகிறவள். நன்றாகக் குளிப்பாட்டுகிறவள். இங்கே என்னைத் தேடிக் கேட்கிறார்கள்.

சுதர்ஷினி


தெமோதரை
2024 ஏப்ரல் 25

சுதர்ஷினிக்கு,

கடிதத்தை ஜெயரூபனே வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தான். உன் டேப்பைப் பிரிக்க எனக்கே கத்தி தேவைப்பட்டது.

இடியப்ப விசயத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் போய் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஜெயரூபனிடம் மட்டும் நானே சொன்னேன். "பூமிக்குள்ளேருந்து வர்ற ஆவில எங்க வீட்டு இடியப்பம் வெந்திருக்குடா" என்று. தகவலுக்காகச் சொன்னதுதான், பெருமை அடிக்கவில்லை. ஆனால் பதுளை என்று சொன்னவள் தெமோதரை என்றே சொல்லியிருக்கலாம். ஸ்டேசனுக்கு அடியிலேயே ரயில் பாதை போகிற ஊர் உங்கள் ஜப்பானில் எத்தனை இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்க மாட்டாய்.

அந்த அம்மாவின் முதுகை நீ தேய்த்தது உன் இஷ்டம். அவர் உன் முதுகைத் தேய்த்துவிட்டது எனக்குப் பிடித்தது. எங்கேயிருந்தாலும் அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

அதற்காக நான் மாறிவிட்டேன் என்று எண்ணாதே. யார் கேட்டாலும் ஆஸ்பத்திரி வேலை என்றுதான் சொல்வேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை போதும்.

வருசப் பிறப்பு போனது. உன் தம்பி ஜீவன் ஆட்டோவை லயத்து வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு ஹாலிஎலைக்கு ஹயருக்குப் போகாமல் என்னைச் சுற்றியே வருகிறான். எரிச்சலாக இருக்கிறது.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சும்மாதான். வெளியே மழை.

அப்பா


குமமோத்தோ
2024 மே 8

அப்பா,

சும்மாவா? நடமாடுகிற மனிதருக்குக் கிளாக்கர் ஏன் வீடு தேடி வந்து கடிதம் கொடுக்கிறார்? ஜீவன் ஏன் ஹயரை விட்டுவிட்டு வாசலில் நிற்கிறான்? உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா முதலில் மழுப்பியது. பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

வருசப் பிறப்புக்கு முதல் நாள் பீலிப் படியில் வழுக்கி விழுந்திருக்கிறீர்கள். தொடை எலும்பு வெடித்திருக்கிறது. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, அசையாமல் படுத்திருக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் அன்றிலிருந்து உடம்பில் தண்ணீர் படவிடவில்லையாமே. அம்மாவை முகமும் கையும் காலும் மட்டும்தான் துடைக்க விடுகிறீர்களாம். ஜீவன் கிட்ட வந்தால் ஏச்சாம். இப்போது இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் வந்திருக்கிறது. டொக்டர் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். அழுக்கு உள்ளே இறங்கினால் எலும்பு வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்து என்றிருக்கிறார். நானும் அதையேதான் சொல்வேன். இந்தப் புண்ணால் போனவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரியவரும் முன்னால்தான் இபுசுகி என்ற கடற்கரை ஊருக்குப் போய்விட்டு வந்தேன். நீங்கள் அங்கே படுத்துக் கிடக்க, நான் இங்கே ஊர் சுற்றியிருக்கிறேன். எனக்கு அது ஆறவே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், கேளுங்கள். அங்கே கடலோரத்து மணலுக்கு அடியில் வெந்நீர் ஓடுகிறது. பருத்தி அங்கியோடு நம்மைப் படுக்க வைத்து, மண்வெட்டியால் சுடுமணலை அள்ளிக் கழுத்து வரைக்கும் மூடிவிடுகிறார்கள். மண்சரிவு பார்த்த ஊர்க்காரிக்கு மண்ணுக்குள் படுப்பது விளையாட்டா? முதல் வாரி மணல் வயிற்றில் விழுந்ததும் எழுந்து ஓடப் பார்த்தேன். மண்வெட்டிக்காரர் நிறுத்திவிட்டு, "எவ்வளவு போடட்டும், நீங்கள் சொல்லுங்கள்" என்றார். நானே சொல்லச் சொல்லத்தான் அவர் போட்டார். பயம் போய்விட்டது. உள்ளங்காலில்கூட நாடி துடித்தது.

அதே பக்கத்தில் ஒரு மீனைக் காயவைத்துக் கட்டை மாதிரி ஆக்கி, சீவி எல்லாவற்றிலும் போடுகிறார்கள். வாயில் வைத்ததும் சிரித்துவிட்டேன். நம் மாசியேதான். ஒரு கட்டை வாங்கி வந்து இடித்து, வெங்காயமும் கொச்சிக்காயும் சேர்த்துச் சம்பல் போட்டேன். இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார்கள். வழியில் தேயிலை மலையும் பார்த்தேன். கொழுந்து எடுக்க ஒரு பொம்பிளைகூட இல்லை. பஸ் மாதிரி ஒரு மெசின் நிரைக்கு மேலாலேயே ஓடுகிறது.

அம்மாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல எனக்கு இந்தக் காகிதம் மட்டும்தான் இருக்கிறது. அப்பா, குளியுங்கள். ஜீவனைத் தொட விடுங்கள்.

சுதர்ஷினி


தெமோதரை
2024 மே 23

சுதர்ஷினிக்கு,

உன் அம்மாவுக்கு வாயில் பூட்டுத்தான் போட வேண்டும்.

நான் பெற்ற பிள்ளை என் இடுப்புத் துணியை அவிழ்த்துக் கழுவுவான், நான் மேலே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும், அப்படித்தானே? இந்த மலையில் எத்தனை பேரை அதட்டி வேலை வாங்கியவன் நான். என் சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்து மலையில் நிற்கிறவளும் கை வேகமாகப் போடுவாள். அப்படிப்பட்டவன் கைப்பிள்ளை மாதிரி நாலு பேர் கையில் புரள்வதா? என் உடம்பை என் கையால் கழுவ முடியாத நாள் வந்தால் அதோடு சரி. அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

உன் வேலையை நான் இகழவில்லை. அது மற்றவர்களுக்கு. எனக்கு வேண்டாம்.

புண்ணைப் பற்றி இனி எழுதாதே. மெசின் கொழுந்து எடுத்தால் காலையில் யாருக்குப் பெரட்டுப் போடுகிறார்கள்? கங்காணி யாரை அதட்டுகிறான்? முற்றின இலையையும் சேர்த்தே வெட்டிவிடாதா? இதை எழுது. வேறு என்ன சாப்பிட்டாய் என்றும் எழுது. இரவில் கொஞ்சம் குளிர் காய்ச்சல் வருகிறது, கடிதம் வாசித்தால் நேரம் போகும்.

அப்பா


குரோகாவா
2024 ஜூன் 4

அப்பாவுக்கு,

மெசினுக்குப் பின்னால் கங்காணி கிடையாது. யாரையும் அதட்ட வேண்டியதில்லை. உங்களுக்கு இந்த ஊரில் வேலை கிடைக்காது.

காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். புண்ணைப் பற்றி எழுதாதே என்றதால் எழுதவில்லை. வேறொரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன், வாசிக்க முடியாவிட்டால் ஜீவனை வாசிக்கச் சொல்லுங்கள்.

இல்லத்தில் என் பொறுப்பில் ஒருவர் இருக்கிறார். ரயில்வே ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வந்த புதிதில் குளிக்கவே மாட்டார். கிட்டப் போன வேலைக்காரப் பொடியனைக் கையில் கிடைத்த சாமானால் அடித்தார். என் மேல் பல் விளக்கிய தண்ணீரைத் துப்பினார். எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க உத்தரவு போட்டவர். இப்போது எல்லாரும் வந்து அவரைக் கேட்காமலே தூக்குகிறார்கள், கேட்காமலே திருப்புகிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் அவர் முன்னால் நேராக நின்று, "ஐயா, புறப்படலாமா?" என்று கேட்டேன். முறைத்தார். நான் அசையவில்லை. "நீங்கள் சொல்லாமல் ஒரு துளி தண்ணீரும் ஊற்றமாட்டேன்" என்றேன். கடைசியில் நல்ல கையைத் தூக்கி வலது தோளைக் காட்டினார். தோளைக் கழுவினேன். முதுகைக் காட்டினார். முதுகைக் கழுவினேன். ஒவ்வொரு இடம் முடிந்ததும், ஸ்டேசனில் சிக்னல் பார்க்கிற மாதிரி விரலை நீட்டிச் சரி பார்த்து, சத்தமாகச் சரி என்றார். இப்போது தினமும் அப்படித்தான். குளிப்பது அவர், குளிப்பாட்டுவது நான், ஆனால் அந்த அறையில் அதிகாரி அவர்தான். யாரும் அவரைப் பிள்ளை மாதிரிப் புரட்டுவதில்லை.

அப்பா, நீங்கள் கங்காணி. அடுத்தவன் கையில் ஏன் விழுகிறீர்கள்? வேலையை உங்கள் கையில் எடுங்கள். எந்த நிரையை முதலில் எடுப்பது, எந்த நிரையை எப்போது விடுவது என்று நீங்கள் சொல்லுங்கள். ஜீவன் உங்கள் மகனாக வரவேண்டாம், பெரட்டுக்கு வந்த ஆளாக வரட்டும். கை சுத்தமில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். வேலை சரியில்லை என்றால் ஏசுங்கள். ஆனால் வேலையை நிறுத்தாதீர்கள்.

இன்றைக்கு எனக்கு ஒரு நாள் லீவு. மலைக்கு நடுவே இருக்கிற இந்த வெந்நீர் ஊருக்கு வந்திருக்கிறேன். ஆற்றோரத்திலேயே ஊற்று, மேலே மரங்கள், தண்ணீர் சாம்பல் நிறம். குளித்துவிட்டு ஒரு சின்னத் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். பட்டியலில் அவர்கள் எழுத்தில் ஊவா என்று நம் மாகாணத்துப் பெயர் எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன், இன்னொரு தரம் வாசித்தேன். கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டு, இது என் மலை, என் அம்மா பறிக்கிற கொழுந்து, என் அப்பா அங்கே கங்காணி என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு வரைக்கும் குனிந்து எனக்கு வணக்கம் சொன்னார். நான் பதிலுக்குக் குனியவேண்டும், அதுதான் இங்கே மரியாதை. ஆனால் ஒரு கணம் நிமிர்ந்தே நின்றேன். அது உங்களுக்காக.

அந்தத் தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை, அப்படியே வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் இருக்க வேண்டும் அப்பா. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சுதர்ஷினி


தெமோதரை
2024 ஆகஸ்ட் 14

மகள் சுதர்ஷினிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு எழுத்தே தெரியவில்லை, காய்ச்சல் அப்படி. ஜீவன்தான் வாசித்தான். ஸ்டேசன் மாஸ்டர் இடம் முடிந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். எழுந்து போனவன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றான். "வேலைக்கு வந்திருக்கேங்க. எந்த நிரைங்க?" என்றான். திருட்டுப் பயல். அக்காவும் தம்பியும் போனில் பேசி வைத்துக்கொண்டு செய்த வேலை என்று எனக்குத் தெரியாதா?

"மொதல்ல கைய கழுவிட்டு வாடா" என்றேன்.

அவ்வளவுதான். உன் அம்மா தண்ணீர் சுடவைத்துக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். கதவைச் சாத்தச் சொன்னேன். வலது தோளிலிருந்து இறங்கச் சொன்னேன். அவன் அக்குளை விட்டுவிட்டு இடுப்புக்குப் போனான். "அந்த மூலைய யாரு எடுக்கிறது, ஒங்க மாமனாரா வந்து எடுப்பாரு?" என்று போட்டேன் ஒரு சத்தம். வெளியே உன் அம்மா சிரித்தது கேட்டது. மலை வேலையை விட்ட பிறகு அப்படி ஒரு சத்தம் நான் போட்டதே இல்லை. காய்ச்சலிலும் நன்றாக வந்தது.

புண் இருந்த இடத்துக்கு வந்தபோது அவன் மூக்கை உறிஞ்சினான். திரும்பிப் பார்க்காமலே பயல் அழுகிறான் என்று தெரிந்தது. வேலை நேரத்தில் அழக்கூடாது என்று அதட்டினேன். நானும் தலையணையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். நொந்தது, ஆனால் கத்தவில்லை. முடிந்து துடைத்துவிட்ட பிறகு விடியும் வரைக்கும் தூங்கினேன். அன்றிலிருந்து தினமும் பெரட்டு நடக்கிறது. ஒரு நாளும் அவன் பிந்தவில்லை. டொக்டர் கொடுத்த மருந்தும் சேர்ந்து காய்ச்சல் போய்விட்டது. புண் வாய் மூடிவிட்டது. இப்போது ஊன்றுகோலோடு வாசல் வரை, வாசலிலிருந்து பெரட்டுக் களம் வரை வந்துவிட்டேன்.

அங்கேதான் விசயம் நடந்தது. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா என் புண்ணை முன்னால் பார்த்தவர். ஆறிப்போனதை நம்பவில்லை. எல்லாரும் நிற்கும்போதே, யார் பார்த்தது என்று கேட்டார். கை மகனுடையது, சொல்லிக் கொடுத்தது மகள் என்றேன். "ஜப்பான்ல இருக்கிறவங்களா? அவங்களுக்கு என்னா வேலை?" என்றார். ஆஸ்பத்திரி வேலை என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"குளிப்பாட்டுற வேலைங்க. எந்திரிக்க முடியாதவங்கள, நாலு பேரு கைவிட்டவங்கள, என் மகதான் குளிப்பாட்டி மனுசனா உட்கார வைக்கிறா" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. கீழ் லயத்துப் பெரியாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, மாமியார் படுக்கையில் கிடக்கிறது, முதுகு முழுக்கப் புண், உங்கள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வீர்களா என்றது. அதற்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர். லயத்தில் எத்தனை காம்பரா அறைக்குள் எத்தனை பேர் இப்படி மூடிக் கிடக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என்னை மாதிரியே வாயை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள்.

மறு வாரம் ஜெயரூபன் வீட்டுக்கு வந்தான். டிசம்பரில் நீ லீவில் வரும்போது, படுக்கையில் கிடக்கிறவர்களை எப்படிப் பார்ப்பது என்று லயத்து ஆட்களுக்கு நீ சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று டிஸ்பென்சரி ஐயா ஆபீசில் கேட்டிருக்கிறாராம். துரையும் சரி என்றுவிட்டாராம். "ஆபீஸ் ஜன்னல் பக்கம் வந்து நின்னு ஒரு பத்து நிமிசம் பேசினாப் போதும் கங்காணி ஐயா" என்றான்.

"நிக்க மாட்டா" என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. நாற்பது வருடம் நான் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறேன். மழையிலும் நின்றிருக்கிறேன், தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு. உன் அம்மாவும் நின்றாள். என் அப்பாவும் நின்றார். உள்ளே வா, உட்கார் என்று எங்களில் ஒருத்தரையும் ஒருத்தர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை, அது எங்களுக்கு வழக்கமாகப் போய்விட்டது. அதை அவனிடம் சொன்னேன். "உள்ளுக்கு ஒரு நாற்காலி போடுங்க. கை வச்ச நாற்காலி. அவ அதுல உட்கார்ந்துதான் பேசுவா. முடியாதுன்னா அவ வரமாட்டா, போய்ச் சொல்லு" என்று அனுப்பினேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். உனக்குச் சம்மதமில்லை என்றால் எழுது, ஆனால் நான் சொன்னது சொன்னதுதான்.

ரெண்டு நாள் கழித்துச் சரி என்று ஆள் வந்தது. நேற்றுக் காலையில் ஜீவனைக் கூட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு ஆபீசுக்குப் போனேன். ஜன்னல் பக்கம் போகவில்லை, கதவாலேயே உள்ளே போய் நாற்காலியைப் பார்த்தேன். நல்ல தேக்குதான். கையால் அழுத்திப் பார்த்தபோது ஒரு கால் கொஞ்சம் ஆடியது. வேறு போடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பா